மூப்பர் சொன்ன சாட்சி

சாட்சி சொல்ல எழுந்ததும் மூப்பர் முதலில் மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார். கோவில் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். டிசம்பர் முப்பத்தொன்று சாயங்காலம் எங்கள் ஊர்ச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை நடக்கும். அந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது, காமாலை இறங்கியது, காணாமல் போன ஆடு திரும்பியது என்று சொல்வார்கள். மைக் எப்போதும் மூப்பர் கைக்குத்தான் முதலில் போகும். அன்றைக்கு அவர் சொன்னது இன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. “நம்ம கம்பெனில தீ வந்துச்சு. ஆனா பாருங்க, ஒரு உசுரு போகலை. ஒரே ஒரு புள்ளையத்தான் கர்த்தர் தொட்டாரு. ஏன் தொட்டாரு? ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய வாயில அவ சினிமாப் பாட்டுப் பாடுனா. பாட்டு மயக்கத்துல மருந்துத் தட்டை நழுவ விட்டுட்டா. இது நமக்கெல்லாம் ஒரு எச்சரிப்பு.” சபை முழுவதும் ஆமென் சொன்னது. அந்தப் பிள்ளை என் அக்கா. மதுரை ஆஸ்பத்திரியில் அவளை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தவன், கடைசிப் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. மூப்பர் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மூப்பர், மற்ற நாட்களில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் தெருவில் பாதிப் பேரை அவர்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். கம்பெனியில் அவர் முன்னால் கைகட்டி நிற்கிறவன் கோவிலில் மட்டும் எப்படி எழுந்து கேள்வி கேட்பான்? அதனால் அவர் சொன்னதே நடந்ததாக ஆனது. விசாரிக்க வந்த அதிகாரிகளும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் நடந்ததை நான் பார்த்தேன். அப்போது நான் அங்கே பெட்டி சுமந்து வண்டியில் லோடு ஏற்றும் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய வேலை. அக்கா பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே அதற்கு, மருந்து செலுத்துவாள். கலந்த மருந்து மிஞ்சினால் அன்றைக்கே வெளியே கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். அறைக்குள் இரவு வைக்கக் கூடாது, ஈரக் காற்றுப் பட்டால் அது தானாகவே சூடேறும். பட்டாசுக் கம்பெனிக்குள் கால் வைத்த எவனுக்கும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வேலை நாள் அது. கோவிலில் பிள்ளைகள் நாடகத்துக்கு மேடை கட்ட வேண்டும், மூப்பருக்கு அங்கே அவசரம். “மூப்பரே, தட்டுல மருந்து மிஞ்சிக் கெடக்கே” என்று அக்கா சொன்னாள். “மூடிப் போட்டுட்டு வா, புள்ள. நாம ஆண்டவர் வேலைக்குப் போறோம், நம்ம வேலைய அவரு பாத்துக்கிடுவாரு” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். இரவு மழை தூறியது. பண்டிகை முடிந்து வேலைக்கு வந்த காலையில் அறையைத் திறந்தது அக்கா. அவள் எந்தத் தட்டையும் கையில் எடுக்கவேயில்லை. கதவைத் திறந்து உள்ளே ஒரு கால் வைத்தாள், அவ்வளவுதான்.

அக்காவின் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் படத்துப் பாட்டு வந்தாலும் மறுநாளே அவள் வாயில் இருக்கும். வார்த்தை தெரியாத இடத்தில் பக்கத்து அறைப் பெண்களின் பெயரைப் போட்டு நிரப்புவாள். மருந்துத் தூசி அப்பிய வெள்ளி முகங்களோடு அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். பயந்துகொண்டே செய்கிற வேலையில் அவர்களுக்கு வேறு என்ன சந்தோஷம் இருந்தது? ஞாயிற்றுக்கிழமை கோவிலிலும் முதல் வரிசையில் நின்று பாடுவது அவள்தான். அவளுக்கு இரண்டும் ஒரே தொண்டைதான். சாத்தான் பாட்டு, தேவன் பாட்டு என்று பிரித்தது மூப்பர். தீ அவளுடைய கன்னத்தையும் கழுத்தையும் ஒரு பக்கமாகச் சுருட்டியது, விரல்கள் மடங்கிப்போயின. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் கோவிலுக்கு மட்டும் போகவில்லை. வீட்டிலேயே ஜெபம் பண்ணினாள், வீட்டிலேயே பாடினாள். போதகர் ஒருமுறை கூப்பிட வந்தபோது, “எம்மேல சொன்னதை அதே மைக்குல திருப்பி எடுக்கச் சொல்லுங்க ஐயா, மறு நிமிசம் வாரேன்” என்றாள். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை.

நான் ஊரைவிட்டுப் போனேன். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் தார் ரோடு, நாக்பூர் வரைக்கும் லாரியில் கிளீனர், கொஞ்ச நாள் ஆலங்குளத்தில் சிமெண்டு மூட்டை. படுக்கக் கிடைத்த இடத்தில் படுத்தேன். ஆனால் வருஷக் கடைசிக்கு ஊர் வந்துவிடுவேன். அக்காவைப் பார்ப்பதற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் வந்தது மூப்பருக்காக. அவர் சாட்சி சொல்ல எழும்போது நானும் எழுந்து நிற்பேன். ஒன்றும் பேச மாட்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன், அவர் உட்காரும்போது உட்காருவேன். முதல் வருஷம் அவர் கவனிக்காததுபோல் பேசி முடித்தார். பிறகு வார்த்தை தடுமாறத் தொடங்கியது. வருஷாவருஷம் சாட்சி குட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசியில், “காத்தாரு, நடத்துனாரு, ஸ்தோத்திரம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். “ஏலே, வருசம் பூரா அவரு சந்தோசமாத்தான் இருக்காரு. ஒரு நாள் நின்னு என்னத்தைக் கெடுத்துட்டே?” என்று அக்கா சிரிப்பாள். ஒரு நாளாவது கெடுத்தேன் அல்லவா? புது வருஷத்தில் சந்தோஷமாயிருங்கள் என்று டிவியில் நடிகர்கள் வாழ்த்துவார்கள், போனில் ரோஜாப் பூப் படத்தோடு வசனம் வரும். எனக்கு வருஷத்தில் வாய்த்த சந்தோஷம் அந்த மனுஷன் எச்சில் விழுங்குவதைப் பார்ப்பதுதான். பழிவாங்குவது ஆண்டவருடைய வேலை என்று போதகர் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். நான் பார்த்த எல்லா வேலையிலும், ஒருவன் சுணங்கினால் பக்கத்தில் நிற்பவன்தான் கை கொடுப்பான்.

ஒரு வருஷம் மட்டும் லீவு கிடைக்கவில்லை, கொச்சியில் மாட்டிக்கொண்டேன். கடற்கரையில் புது வருஷத்துக்கு வாணம் விட்டார்கள். வானத்தில் பூ விரிய விரியக் கூட்டம் ஆவென்று கத்தியது, சினிமாப் பாட்டுக்கு ஆடியது. அது எங்கள் பக்கத்துச் சரக்குத்தான். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. சந்தோஷப்படத்தானே அதைச் செய்கிறோம்? அதைச் செய்தவள் பாடியதைப் பாவம் என்றவன் மேல்தான் மறுபடியும் கோபம் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்குச் சீக்கிரமே ஊர் வந்தேன். கோவிலில் புதிதாக ஒளித்திரை, டிரம்ஸ் எல்லாம் வந்திருந்தன. பிள்ளைகள் நிகழ்ச்சியில் மூப்பரின் பேத்தி ஆடினாள். அந்த வருஷம் தெருவெல்லாம் ஓடிய ஒரு குத்துப்பாட்டு. மெட்டு அப்படியே இருந்தது, காதலி இருந்த இடத்தில் இயேசுவைப் போட்டிருந்தார்கள். பிள்ளை நன்றாகத்தான் ஆடியது. முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த மூப்பர் தாளம் தப்பாமல் கை தட்டினார். பக்கத்திலிருந்தவர், “என்ன மூப்பரே, சினிமா மெட்டால்ல இருக்கு?” என்று சீண்டினார். “காலம் மாறிருச்சுய்யா. இளவட்டங்களை இழுக்கணும்னா இப்பிடித்தான்” என்று மூப்பர் சிரித்தார். காலம் எப்போது மாறியது, யார் அறிவித்தார்கள்? சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “கை தட்டுனாரா?” என்று மட்டும் கேட்டாள். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவளைக் கோவிலில் பார்த்ததும் பெண்கள் பக்கம் பாயில் இடம் விட்டார்கள். சாட்சி நேரம் வந்தது. மூப்பர் தடியூன்றி எழுந்தார், நான் எழுந்தேன். அக்காவும் எழுந்து நேரே முன்னால் போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். தடி பிடித்த கை, அவரால் தடுக்க முடியவில்லை. “எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் வாயைக் கர்த்தர் தொட்டதா மூப்பர் முன்னால சொன்னாரு. தொட்டாரான்னு நீங்களே பாத்துக்கிடுங்க” என்றாள். பிறகு பாடினாள். பழைய காதல் பாட்டு ஒன்று, ஒரு வார்த்தை மாற்றாமல். போதகர் பாதி எழுந்து, அவளுடைய மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பின்பாயில் ஒரு கிழவி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், அவளும் அந்த நாளில் பூச்சட்டி அறையில் வேலை பார்த்தவள்தான்.

பாடி முடித்ததும் அக்கா மைக்கை மூப்பரின் வாய்க்கு நேரே பிடித்தாள். “அன்னைக்கு மிஞ்சுன மருந்தை உள்ள மூடி வைக்கச் சொன்னது யாரு மூப்பரே? நான் சொன்னா வஞ்சம்பாக. நீங்க சொல்லுங்க, அதுதான் சாட்சி.” அவர் மூச்சு இழுப்பது ஒலிபெருக்கி வழியாகத் தெருவெல்லாம் கேட்டது. அக்கா கையை எடுக்கவில்லை. அவர் போதகரைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். “நாந்தான் வைக்கச் சொன்னேன்” என்றார். “அவ தட்டைத் தொடவே இல்லை.”

போதகர் நிம்மதியானதுபோல் எழுந்து வந்தார். “சகோதரி, வருசம் முடியப்போகுது. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பாவம், அவருக்கும் வயசாச்சு” என்றார். மூப்பர் முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. நான் எதிர்பார்த்ததைவிட இனிப்பாக இருந்தது அது. அக்கா மைக்கைப் போதகரிடம் கொடுத்தாள். “அதை அடுத்த வருசச் சாட்சிக்கு வச்சுக்கிடுவோம் ஐயா” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

இப்போது பெரும்பாவூரில் ஒரு பலகை மில்லில் வேலை. போன வாரம் அக்கா போனில் பேசினாள். மூப்பருக்கு நெஞ்சில் சளி கட்டி விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆள் விட்டிருக்கிறாராம். “போனியா?” என்று கேட்டேன். “எதுக்குப் போக? டிசம்பர்ல சொல்லுதேன்னு சபையில சொல்லியாச்சுல்ல. அதுவரைக்கும் கெடக்கட்டும். அவருக்கு ஆயுசைக் கொடும் ஆண்டவரேன்னு தெனமும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். போனை வைத்துவிட்டு, மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் நானும் முழங்கால் போட்டேன். ஜெபம் மறந்துபோய் வெகு காலமாயிற்று, வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். என் வாழ்நாளில் ஆண்டவரிடம் அவ்வளவு உண்மையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.