உப்பளத்து ஜீப்பும் ஒரு வலது கையும்

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு சாமியாடுகிற வீடு. ஜெயா அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் ஆடுவார், வாசலில் குறி கேட்க ஆட்கள் நிற்பார்கள், நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் கேட்ட ஒரே வரம் அந்த ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்பதுதான். பேய், ஆவி, காத்துக்கருப்பு எதுவும் எனக்குக் கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஏஜென்ட் ஆபீசில் பில் போடுகிற வேலை எனக்கு, கப்பல் வந்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும், வீட்டுக்கு வந்தால் படுக்கையில் கிடக்கிற மனிதரைப் பார்க்க வேண்டும், இதற்கு நடுவில் ஆவியை நம்ப எனக்கு எங்கே நேரம்? அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

படுக்கையில் கிடந்த மனிதர் என் கணவர் தங்கராஜ். ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆயுசு முழுக்க ஸ்பானர் விற்றவர், தன் கையால் ஒரு நட்டைக் கழற்றியது கிடையாது. ஆனால் ஜீப் என்றால் பைத்தியம். தேரிக்காட்டுச் செம்மணலில் சொந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசையாம். ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உப்பளத்தில் வரப்போரம் வருஷக்கணக்காக நின்று செத்துப்போன ஒரு ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, ஸ்கூட்டர் நிறுத்துகிற தகர ஷெட்டில் இறக்கிவிட்டார். தொட்டால் துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. நாமே சரிபண்ணிவிடலாம், போனில் எல்லா வீடியோவும் இருக்கிறது என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதமே கடையில் விழுந்தார். பக்கவாதம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கால் ஊன்றி நிற்கிற அளவுக்கு வந்தது, வலது கை மட்டும் வரவே இல்லை. அந்தக் கையை வேலை வாங்கினால்தான் வரும், விட்டால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் அதை ஒரு துண்டால் மூடி மடியில் வைத்துக்கொள்வார். பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் "போதும்." சாப்பிடச் சொன்னால் "போதும்." சென்னையிலிருந்து மகள் போனில் அழுதால் அவளுக்கும் "போதும்." அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. மனிதர் எதைப் போதும் என்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயமும் கோபமும் சேர்ந்து, அவரைச் சக்கர நாற்காலியோடு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "நீங்க செய்யாட்டா போங்க, நான் செய்யுதேன், பாத்துக்கிட்டாவது இருங்க" என்று சொல்லிவிட்டு, போர்வெல் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஜீப்பை மேலும் கீழும் பீய்ச்சிக் கழுவினேன். கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, வெயில் சாயும்வரை தேய்த்ததில் சட்டம் பளபளவென்று வந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வண்டி முழுக்கக் குங்குமம் பூசியது போலத் துரு. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதில் வாய் கொப்பளித்தால் கரிக்கும், இதே ஊரில் இத்தனை வருஷம் இருந்த நான் அதை இரும்பில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் பாதி வாயால் சிரிக்கிறார். விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

"உப்ப... உப்பு வச்சே... கழுவுதியோ?" என்றார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறோமே என்ற குற்ற உணர்ச்சியோடு கழுவினேன், துடைத்து மண்ணெண்ணெய் தடவினேன். ஆபீஸ் விட்டு வந்ததும் அவரை ஷெட்டுக்கு அழைத்துப் போவேன், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவேன், எந்த நம்பர் ஸ்பானர் என்று சொன்னால் அவர் இடது கையால் எடுத்துக் கொடுப்பார். வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துவிட்டுச் சிரிப்பதும் உண்டு. வலது கை மட்டும் துண்டுக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை நான் "அந்தக் கையால ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்" என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலம், ஒரு ஞாயிறு சாயங்காலம். அதற்கு முன் மூன்று நான்கு நாளாக அவருக்குக் காய்ச்சல், ஆபீசில் ஒரு கப்பலின் கணக்கு முடிகிற நேரம், எனக்குத் தூக்கமே இல்லை. அன்று மத்தியானம் காய்ச்சல் விட்டு அவர் அசந்து தூங்கினார். நானும் பேசாமல் படுத்திருக்கலாம். உடம்புக்குப் படுக்கத் தெரியவில்லை, ஷெட்டுக்குப் போனது. நான் போனேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கால் பழக்கத்தில் போயிற்று, கை சாக்கை விரித்தது.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கிற நட்டுகள். ஒரு வாரமாக அசையாமல் என் பிராணனை வாங்கியவை. போன் டார்ச்சை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கையை நீட்டி, "பதினேழு" என்றேன்.

டக் டக் என்று இரும்பில் இரண்டு தட்டு. பிறகு ஸ்பானர் என் உள்ளங்கைக்கு வந்தது.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. தினமும் வருகிறதுதானே. நட்டைத் திருப்பினேன், வெண்ணெயில் கத்தி போல இளகிக்கொடுத்தது. அடுத்ததற்கு "ரிங்கு ஸ்பானர் குடுங்க" என்றேன். டக் டக். வந்தது. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்க, கேட்டது தப்பாமல், கையில் வைத்ததும் வழுக்காமல், சரியான பக்கம் திரும்பி வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு என்ன மனிதர் விளையாடாமல் கொடுக்கிறார் என்று தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தது. கை சுத்தியலைப் பிடித்திருந்தது. வலது கை.

சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே கிடந்து அழுதேன். சத்தம் வராமல் அழுதேன், ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் கூச்சப்பட்டு மறுபடி துண்டுக்குள் வைத்துக்கொள்வாரோ என்று பயம். இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் கண்ணில் வடிந்து காதுக்குள் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் தேவையே இல்லாத சாமான்களை எல்லாம் கேட்டேன். ஸ்குரூடிரைவர் கேட்டேன், பிளையர் கேட்டேன், எல்லாம் டக் டக் என்று வந்தது.

அப்போதுதான் ஜெயா அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஷெட்டு வாசலில் அவருடைய காலும், கையில் தொங்கிய தூக்குவாளியின் அடியும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"ஏளா சந்திரா, தம்பிக்கு மிளகு ரசம் கொண்டாந்திருக்கேன். காய்ச்சல் எப்படி இருக்கு? இன்னும் தூங்குதாரா?"

"தூங்குதாரா? உங்க பக்கத்துலதான இருக்காரு, பாருங்கக்கா, கை வந்துட்டுக்கா!" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

அவருடைய கால் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு, "என்னளா சொல்லுதே, இங்கன யாரும் இல்லையே" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நான் அவரை அழைத்து வரவில்லை. நாற்காலி உள்ளே கட்டில் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் தனியாகத்தான் வந்தேன். பிளையர் என் கையில் இருந்தது.

எப்படி வெளியே வந்தேனோ, முழங்கை எல்லாம் சிராய்ப்பு. உள்ளே ஓடினேன். அவர் அதே போர்வைக்குள், அதே பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலது கையை எடுத்துப் பார்த்தேன். ஈரத் துணி மாதிரி தொங்கியது, விரலில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயத்தைவிட ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெயா அக்கா முன்னாலேயே ஓவென்று அழுதேன். ஊருக்கே குறி சொல்கிறவர், ரசத்தை டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

தூக்கக் கலக்கம் என்பீர்கள். நானும் எனக்கு அதையே சொல்லிக்கொண்டேன். பாதித் தூக்கத்தில் நானே எட்டி எட்டி எடுத்திருப்பேன், அவ்வளவுதான். மறுநாள் ஷெட்டைக் கூட்டும்போது அந்த மட்கார்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி கிடந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு. உப்பளத்து வண்டி, எந்தச் சந்திலிருந்தாவது உதிர்ந்திருக்கும் என்று கூட்டித் தள்ளினேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அப்படிக் கூட்டித் தள்ள முடியவில்லை. அவருடைய வலது கை வந்தது. அந்த வாரமே கட்டைவிரல் அசைந்தது, பிறகு பந்தை அமுக்கியது, பிறகு துண்டைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மகள் வீடியோவில் பார்த்து அழுதாள். ஒருநாள் காலையில் காபி குடித்துவிட்டு, காலி டம்ளரை வலது கையால் எடுத்து என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்முன் நாற்காலிக் கையில் அதை இரண்டு தட்டு தட்டினார். டக் டக்.

நான் டம்ளரை வாங்காமல் அந்தக் கையையே பார்த்தேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் எதையும் தட்டிக் கொடுத்ததில்லை. இப்போது மாத்திரை அட்டை, சீப்பு, டிவி ரிமோட் எல்லாம் அப்படித்தான். இடது கையால் கொடுத்தால் தட்டுவதில்லை, வலது கையென்றால் தட்டாமல் கொடுப்பதில்லை.

"ஏன் தட்டுதீய?" என்று கேட்டேன்.

"என்னத்த?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லை.

வண்டியின் ஜாக்கி கம்பி உப்பளத்திலேயே கிடக்கிறது என்று ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது, வாங்கப் போனேன். ஆபீஸ் முடிந்து போனதால் வெயில் தாழ்ந்திருந்தது, பாத்திகளில் வேலை முடிகிற நேரம். வரப்பில் நின்ற ஒரு பெண் மம்பட்டியைக் கேட்டாள். பாத்திக்குள் நின்றவர் அதன் தலையை வரப்புக் கல்லில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தூக்கிக் கொடுத்தார். அவளும் வாங்கி, அடுத்தவளுக்குக் கொடுக்கும்போது இரண்டு தட்டு.

"ஏன்க்கா தட்டிக் குடுக்கீய?" என்று அவளிடம் கேட்டேன்.

"உப்பு அப்பியிருக்கும்லா? தட்டாமக் குடுத்தா வாங்குதவங்க கைய அறுத்துரும். இங்க எல்லாரும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஜீப்பை யார் ஓட்டினார்கள், யார் ரிப்பேர் பார்த்தார்கள், அவர் இப்போது எங்கே என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பதில் தெரிந்தால் நான் என்ன செய்யப்போகிறேன், அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? கம்பியை வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜீப் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஷெட்டில்தான் இருக்கிறோம், அவர் இப்போது நின்றுகொண்டே எடுத்துக் கொடுக்கிறார். "போதும்" என்ற வார்த்தை வீட்டில் போயே போய்விட்டது. நான் கை நீட்டுகிறேன், டக் டக் என்று வருகிறது, வாங்கிக்கொள்கிறேன். பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், இந்த வயதில் எதற்கும் பழகிவிடலாம் போல.

ஒன்றுதான் பழகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்குவார். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது அந்த வலது கை மட்டும் மெதுவாக எழும்பிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டும். பிறகு எதையோ கொடுப்பதுபோல என் பக்கம் நீண்டு விரல்கள் விரியும். அதில் ஒன்றும் இருக்காது. கொஞ்சநேரம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அப்போது மட்டும் நான் கை நீட்டுவதில்லை.