ஈயப் பட்டாளத்துக்கு நான் சொன்ன தப்புத் தீர்ப்பு

இருட்டிய பிறகு தகர டப்பாவுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டால் மற்றவர்கள் எலி என்பார்கள்; பொம்மைப் போர்ப் போட்டி நடத்தியவர்கள் மட்டும் யாருக்கு ஆறு விழுந்தது என்று கேட்பார்கள். நேற்று ராத்திரி எங்கள் அலமாரிக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். சின்னவள் தொட்டிலில், பெரியவன் பாயில். விளக்கைப் போட எனக்குத் தைரியம் வரவே பத்து நிமிஷம் ஆயிற்று. பழைய பவுடர் டப்பாவுக்குள் நான்கு பகடைகளும் ஒரு சுண்டெலியும் இருந்தன. எலி ஓடிவிட்டது. எனக்குத் தூக்கம் ஓடிவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

கேரம் போட்டியோ கோலப் போட்டியோ, ஏதாவது ஒன்றுக்கு நடுவராக உட்கார்ந்து இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே ஜாதி. சேலத்தில் எங்கள் மாதா கோவில் மண்டபத்தில், பெரியவனுக்கு எட்டு மாசமாக இருந்தபோது, பொம்மைப் போர்ப் போட்டி ஒன்றை நான் நடத்தினேன். அதில் நான் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று தப்பு. அது தப்பு என்று மூன்று நாள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

நடுவரம்மா ஆன கதை

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சுரங்க ஆபீசில் இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு மரப்பெட்டியை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே சுண்டுவிரல் உயரத்துக்கு ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். கூடவே ஒரு விதிப் புத்தகம். மேஜைதான் போர்க்களம். படைகளை அங்குலக் கணக்கில் நகர்த்த வேண்டும். சுட்டால் விழுந்தது யார் என்பதைப் பகடை சொல்லும். சதுரங்கம் மாதிரிதான், ஆனால் கட்டம் கிடையாது. அதனால் வாய்ச்சண்டை அதிகம்.

இவர் ஒரு வருஷத்தில் எட்டுப் பேருக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தார். எட்டுப் பேர் சேர்ந்தால் போட்டி வைக்காமல் இருப்பார்களா? புத்தகமோ கெட்டியான ஆங்கிலம். அதை முழுசாகப் படிக்கக்கூடிய ஒரே ஆள், கன்னியர் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் படித்த நான்தான். எனக்குப் பல்லி என்றால் பயம், போலீஸ் என்றால் பயம், சத்தமாகப் பேசும் ஆம்பிளைகள் என்றால் ரொம்பப் பயம். மாட்டவே மாட்டேன் என்று அழுது பார்த்தேன். அவர் அசையவில்லை. "நீ ஒண்ணும் சொந்தமாப் பேச வேண்டாம், புஸ்தகத்துல இருக்கிறதை வாசி; திட்டுனா புஸ்தகத்தைத்தானே திட்டுவாங்க."

முட்டை அட்டையில் வந்த குதிரைப்படை

எட்டுப் பேரில் மூத்தவர் ராசப்பக் கவுண்டர். நாமக்கல்லுக்கு அந்தப்பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருந்தவர். மகளை எங்கள் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார். பேத்தியைப் பார்க்க வந்த இடத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்து மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் பேத்தியைப் பார்ப்பது கொஞ்சம் குறைந்துபோனது.

படையை எப்படிக் கொண்டுபோவது என்பது எல்லோருக்கும் பெரிய தொல்லை. பெட்டியில் போட்டால் துப்பாக்கி வளையும், பெயின்ட் உரியும். கவுண்டர் முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் இரண்டு முட்டை அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு குதிரைக்காரன், வைக்கோல் சுற்றி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கத்தி நுனிகூட வளையவில்லை. மற்ற ஏழு பேரும் பொறாமையோடு சுற்றி நின்றார்கள். வழியில் சிரமம் இல்லையே என்று கேட்டேன். "சிரமம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி, கண்டக்டர் மட்டும் இது எத்தனை நாள்ல பொரியும்னு கேட்டானுங்க."

திறந்த கதவு

மண்டபம் எங்கள் பங்குச் சாமியாருடைய பொறுப்பில் இருந்தது. பகடை என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. கோவில் மண்டபத்தில் சூதாட்டம் என்று பேர் வந்தால் ஆயருக்கு யார் பதில் சொல்வது என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: ஆட்டம் முடியும்வரை வாசல் கதவு இரண்டும் விரியத் திறந்திருக்க வேண்டும், தெருவில் போகிற யாரும் உள்ளே வந்து பார்க்கலாம்.

யார் யாரோ வந்தார்கள். காய்கறிக் கூடையோடு வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு வந்த கூட்டம் குழந்தையோடு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். காற்று வந்து காகித மரங்களைச் சாய்த்தது. இரண்டாவது மணிநேரத்தில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பீரங்கி சுடலாமா கூடாதா என்று நான் மூன்று பக்கம் வாசித்ததை முழுக்கக் கேட்டார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சூதாட்டமா இருந்தா இந்நேரத்துக்கு முடிஞ்சிருக்கும்மா."

நீண்டுபோன டேப்

தூரம் அளக்கத் தையற்காரர் டேப் இரண்டு வைத்திருந்தோம். ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த தறிக்காரர் அண்ணாமலை மேஜைக்கு அந்தப் பக்கம் ஒன்றால் அளந்தார், எதிராளி இந்தப் பக்கம் இன்னொன்றால் அளந்தார். ஒரே தூரம், இரண்டு கணக்கு. எதிராளி கள்ளத்தனம் என்று கத்தினார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். டேப்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அண்ணாமலைதான் இரண்டு டேப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். எங்கள் வீட்டு டேப் இழுத்து இழுத்து அரை அங்குலம் நீண்டிருந்தது. ஓடிப்போய் என் பள்ளிக்கூட மர ஸ்கேலைக் கொண்டுவந்தேன். போட்டி முழுக்க அதுதான் சட்டம். அண்ணாமலை அந்த டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "எங்க ஊர்ல துணி சுருங்குனாத்தான் சண்டை வரும், உங்க ஊர்ல டேப்பு நீண்டு சண்டை வருதுங்களே."

வெள்ளாமையில் குதிரை

இரண்டாவது ஞாயிறு அரையிறுதி. கவுண்டருக்கு எதிரே செவ்வாய்ப்பேட்டை மாதேஸ்வரன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். ஈயத்தில் புதுப் படைகளை வார்த்துக் கொடுத்ததே அவர்தான். கைப்பழக்கம் போகுமா? அவருடைய குதிரைகளுக்கு மட்டும் கழுத்தில் குண்டுமணி அளவில் சலங்கை இருக்கும். ஆட்டக்காரர் கெட்டிக்காரர், கோபம் மூக்கு நுனியில்.

பிங்பாங் மேஜைமேல் களம். ஒரு மூலையில் பாலம்; அதை முதலில் பிடிப்பவருக்கு வெற்றி. கவுண்டரின் குதிரைக்கும் பாலத்துக்கும் நடுவே பச்சைத்துணியில் ஒரு வயல். புத்தகத்தில் அது கோதுமை. கவுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, கதிர் பிடித்த சோளம் என்று முடிவு செய்துகொண்டார். வயலுக்குள் விட்டால் இரண்டே நகர்வு. அவர் விடவில்லை. குதிரைகளை வரிசையாகத் திருப்பி, வயலைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதையில் ஓட்டினார். சுற்றி நின்ற கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. பாதையில் போனால் தூரம் ஏதாவது கூடுமா என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். நான் புத்தகத்தைப் பார்த்து, இல்லை, எங்கே போனாலும் நகர்வுக்குப் பன்னிரண்டு அங்குலம்தான் என்றேன். நாலாவது நகர்வில் அவர் பாலத்துக்கு நாலு அங்குலம் தள்ளி நின்றார். மாதேஸ்வரனின் சிப்பாய்கள் பாலத்தின் மேல் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஆற்றாமையில், வெறும் துணிதானே ஐயா, குறுக்கே விட்டிருக்கலாமே என்றார். கவுண்டர் குதிரைகளை ஒவ்வொன்றாக முட்டை அட்டையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "தோத்தா தோத்துட்டுப் போறனுங்க; வெளஞ்ச பயிர்ல குதிரைய உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயி எப்படிங்க சோறு திங்கறது?"

ஒட்டிக்கொண்ட பக்கம்

புதன்கிழமை ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இறுதி ஆட்டத்துக்காகப் புத்தகத்தைப் புரட்டினேன். பதிமூன்றாம் பக்கத்துக்கு அடுத்தது பதினாறு. நடுவில் ஒரு தாள் தடிமனாக இருந்தது. பிள்ளையின் கேழ்வரகுக் கஞ்சி சிந்தி, இரண்டு தாள்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. நகத்தால் மெல்லப் பிரித்தேன். பாதையில் போகும் குதிரைக்கு நகர்வுக்குப் பாதித் தூரம் கூடுதல் என்று அங்கே பெரிய எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு இல்லை, பதினெட்டு. மூன்றே நகர்வில் அவர் பாலத்தில் ஏறியிருப்பார். அந்த மனுஷரைத் தோற்கடித்தது மாதேஸ்வரன் இல்லை. நான்.

என் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். நோட்டீஸ் ஒட்டியாயிற்று, கோப்பை தயார், இப்போது போய்ச் சொன்னால் மாதேஸ்வரன் மேஜையைக் கவிழ்த்துவிடுவான் என்றார். அதெல்லாம் எனக்கும் தெரியும், அதனால்தானே அவரை எழுப்பினேன். அவர் புரண்டு படுத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார். "உன்னை விட்டா அந்தப் புஸ்தகத்தைப் படிக்க இங்க யாரு இருக்கா?"

கம்பிவலைக்கு அந்தப்பக்கம்

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்றிருந்தால் பயந்தாவது சொல்லியிருப்பேன். சனிக்கிழமை சாயந்திரம் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் போனேன். கம்பிவலைக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு பெரியவருக்கு என்னை அறியாமல் அநியாயம் செய்துவிட்டேன், தெரிந்த பிறகும் மறைக்கிறேன் என்றேன். யாருக்கு, என்ன என்று சாமியார் கேட்டார். பாதை, பதினெட்டு அங்குலம், கஞ்சி எல்லாவற்றையும் சொன்னேன்.

கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. பெரிய தண்டனையாகத்தான் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு ஞாயிறும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. "அப்படின்னா பாலம் கவுண்டருக்குத்தானேம்மா?"

மூன்றாவது ஞாயிறு

இறுதி ஆட்டம் மாதேஸ்வரனுக்கும் தறிக்கார அண்ணாமலைக்கும். மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. கவுண்டர் வேடிக்கை பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் முட்டை அட்டைகள். படையில்லாமல் வரப் பிடிக்கவில்லையாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம்தான் காலைப் பிடித்து நிறுத்தியது. ஒட்டியிருந்த பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, தோற்றது கவுண்டரய்யா இல்லை, என் வாசிப்பு என்றேன்.

மாதேஸ்வரன் பொங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து வந்து சொல்கிறீர்களே, கோப்பையில் பேர்கூட வெட்டியாயிற்று என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கோப்பை அவர் பட்டறையில் செய்தது. அண்ணாமலை அதை எடுத்துத் திருப்பி, வெட்டியிருந்த பேரை நிதானமாகப் படித்துவிட்டு, தான் இன்னும் ஆடவே இல்லையே என்றார். மண்டபம் சிரித்த சிரிப்பில் மாதேஸ்வரனுக்கே உதடு கோணியது.

கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "வெள்ளாமைய மிதிக்காம சுத்திப் போனவனுக்கு அந்தப் பொஸ்தகத்துலயே கூலி எழுதியிருக்குதுங்களா அம்மிணி? எனக்கு அது போதுமுங்க, கப்பு அவருக்கே இருக்கட்டும்."

தானமாக வந்தால் மாதேஸ்வரன் வாங்குவாரா? அரையிறுதியை முதலிலிருந்து ஆடியே தீர வேண்டும் என்று படையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அண்ணாமலையும் தன் ஆட்டம் அடுத்த வாரம் இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான், நாற்பது பேரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். கவுண்டர் எடுத்த குதிரையை மறுபடியும் முட்டை அட்டையிலேயே வைத்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. ஆடுகிற இருவரையும் சாமியாரையும் தவிர எல்லோரும் வெளியே போங்கள் என்றேன். சாமியார் திறந்திருந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். வாசற்படியில் நின்று அவர் கேட்டார், "ஏய், நானுமா?"

அந்த ஆட்டத்திலும் கவுண்டர் சோளத்தைச் சுற்றியே போய், பாலத்துக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது பகடை கைவிட்டதால் மறுபடியும் தோற்றார் என்பது வேறு விஷயம். மூன்று ஞாயிறாக எட்டுப் பேருக்குப் பயந்த நடுவரம்மா நான், கட்டிய புருஷன் உட்பட நாற்பது பேரை வெயிலில் நிறுத்திவிட்டு, துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளி உள்ளேயிருந்து போட்டேன்.