தம்பி தலையில் தண்ணீர்க்கல்

தோழிகளே, அப்பா தூங்கிவிட்டார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. தலையில் ஐஸ் வைக்கச் சொன்னார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். ஜன்னி வரும், வேண்டாம் என்றார் அப்பா. நான் மீன்கடையில் கேட்டு, மரத்தூளில் பொதிந்து வாங்கி வந்துவிட்டேன்.

“என்னாடி இது?” என்றாள் அம்மா.

“மலாய்க்காரங்க ஆயர் பத்துன்னு சொல்றாங்கம்மா. ஆயர்னா தண்ணி, பத்துன்னா கல்லு.”

“புள்ள தலையில கல்லையா வைக்கச் சொல்ற?”

“தண்ணிதாம்மா இறுகியிருக்கு. திரும்பத் தண்ணியாயிடும்.”

என் சொல்லை நம்பித்தான் வைத்தாள். எல்லாம் கரைந்துவிட்டது. நெற்றி இன்னும் சுடுகிறது. படுப்பதும் எழுந்து தொட்டுப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

இப்போது அம்மா காதருகே வந்து கேட்கிறாள்: “விடிஞ்சதும் இன்னொரு தண்ணிக்கல்லு கெடைக்குமா?”

அவளுக்குப் பயம் போய்விட்டது. அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்ன எனக்குத்தான் இப்போது பயம். ஐஸ் வைத்து யாருக்காவது காய்ச்சல் இறங்கியிருந்தால் காலையில் சொல்லுங்களேன்.