பெட்ரோல் கேட்காத கார்

பதுளை கடைவீதியில் துணி விற்ற லத்தீப் நானா கார் வாங்கிவிட்டார் என்றபோது நம்பியவர்கள் சிலர்தான். அந்தக் கார் பெட்ரோல் கேட்காது என்றபோது நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒடிசலான ஆள். வெளுத்த சாரம், நீலம் போட்ட சட்டை, தலையில் தொப்பி. மழையானாலும் பனியானாலும் அந்த உடுப்பில் மாற்றம் கிடையாது. கடை என்று ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து உள்ளே வந்தால் லத்தீப் நானா வெளியே போய் நிற்க வேண்டும். ஆனால் அவர் பிழைத்தது அந்தக் கடையால் அல்ல, சம்பள நாளால். ஹாலிஎலவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் மாதச் சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை, துணி மூட்டைகளோடு மலையேறி, தேயிலைத் தூள் ஆக்கும் ஸ்டோர் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். எந்த வீட்டுப் பெண் பெரியவளானாள், வரிசை வீடுகளான லயங்களில் எதில் கல்யாணம், யாருக்குச் சிவப்புச் சேலை ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோட்டத்துப் பெண்கள் வேறு வியாபாரியிடம் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். லத்தீப் நானாவிடம்தான் வாங்குவார்கள்.

மூட்டைகளை மலைக்கு ஏற்றுவதுதான் பாடு. அதற்கு அவர் மச்சான் அலவியின் வேனை நம்பியிருந்தார். அலவி, மனைவி ஸகீனாவின் அண்ணன். சொந்த வேன், சொந்த நேரம், சொந்த நாக்கு. பத்து மணிக்கு வருகிறேன் என்றால் மத்தியான லுஹர் தொழுகை முடிந்த பிறகு வருவார். எழுபத்து நாலில் பெட்ரோல் விலை ஏறியதும் அந்த நாக்கு இன்னும் நீண்டது. ஒரு சம்பள நாள், ஸ்டோர் வாசலில், சேலை வாங்க வந்த பெண்கள் எல்லாரும் கேட்கும்படி அலவி சொன்னார்:

"ஓசிச் சவாரி செய்றவரு மச்சான். பெட்ரோல் விலை அவருக்கெங்க தெரியும்?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்துவிட்டார்கள். லத்தீப் நானாவுக்கு முகம் செத்துப்போனது. "இனி ஒங்கட வேன்ல கால வச்சா நான் லத்தீப் இல்ல," என்று சொல்லிவிட்டு, அன்று மூட்டைகளைக் கூலிக்கு ஆள் பிடித்து இறக்கினார். வீட்டுக்கு வந்து ஸகீனாவிடமும் அதையே சொன்னார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சரி, அடுத்த மாசம் எதுல போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சில மாதங்கள் கூலிக்கு ஆள் வைத்தே மலையேறினார். அடுத்த ஆண்டு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. கல்லுமலையின் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். அவரிடம் ஒரு வினோதம் இருந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பொழுது போகாமல், ஒரு பழைய சின்னக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஸ்டோரில் கிடந்த மோட்டார் ஒன்றையும் எட்டு லொறி பேட்டரிகளையும் அதில் பொருத்தி வைத்திருந்தார். பங்களாவிலிருந்து ஸ்டோருக்குச் சத்தமில்லாமல் வருவார். ஸ்டோரில் அருவித் தண்ணீரில் ஓடும் டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவார். அந்தக் காரை ஒரு சோடி வண்டி மாட்டு விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னார்.

லத்தீப் நானா அதைக் கேட்ட நிமிடமே அது தனக்காகச் செய்யப்பட்ட கார் என்று முடிவு செய்துவிட்டார். துரை சொன்னதை மொழிபெயர்த்தவர் டீமேக்கர் தர்மராசா. ஸ்டோருக்குப் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்து மனிதர், ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார்.

"நானா, ஒருக்கா கரண்ட் ஏத்தினால் பதினைஞ்சு மைல் ஓடுமாம். ஆனால் மட்டமான றோட்டிலை எண்டு சொல்லுறார். வடிவாய்க் கேளுங்கோ, மட்டமான றோட்டிலை."

பதுளைப் பக்கத்தில் ஏற்ற இறக்கமில்லாத மட்டமான இடம் என்றால் ரயில் மேடை ஒன்றுதான். ஆனால் லத்தீப் நானா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். பெட்ரோல் விலை ஏறிய பிறகு அதில் கைதேராத டிரைவரே இல்லை. இறக்கத்து மைலுக்குச் செலவு கிடையாது என்பது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். லத்தீப் நானா அந்த அறிவை அப்படியே காரின் மேல் போட்டார். தோட்டத்திலிருந்து பதுளை பத்து மைல், முழுக்க இறக்கம், செலவில்லை. திரும்பி ஏறப் பத்து மைல். பதினைந்தில் பத்து போனால் ஐந்து மிச்சம்.

"மட்டம் நமக்கெதுக்கு சேர்? இறக்கம் இருக்கே," என்றார்.

துரை ஏதோ கேட்டார். தர்மராசா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை லத்தீப் நானாவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அது வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார் லத்தீப் நானா.

முதல் இறக்கம் சொர்க்கமாக இருந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, அலவியின் வீட்டு வாசலால் சத்தமில்லாமல் போனார். சத்தமில்லாததால் அலவி எட்டிப் பார்க்கவில்லை. அதனால் திரும்பி வந்து ஹோன் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையேறினார். ஹாலிஎல தாண்டும்வரை குறையில்லை. பிறகு கார் யோசிக்க ஆரம்பித்தது. நடந்து போகிறவர்கள் முதலில் பக்கத்தில் வந்தார்கள், பிறகு முந்திப் போனார்கள். மேல் லயத்து வளைவில், ஸ்டோருக்குக் கால் மைல் கீழே, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மூட்டைகளின் பாரத்தையும் ஏற்றத்தையும் லத்தீப் நானா கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அவர் இறங்கி, தள்ளிப் பார்த்து, பிறகு கை நீட்டி ஹோன் அடித்தார். லயத்திலிருந்து வீரய்யா வந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆள், கைகள் இரண்டும் சவுக்குக் கட்டை.

"என்னங்க நானா, படுத்திருச்சா?"

"படுக்கல. கொஞ்சம் களைச்சிருக்கு."

வீரய்யா வாயில் கை வைத்து ஒரு சத்தம் கொடுத்தான். பன்னிரண்டு பேர் வந்தார்கள். காலையில் கங்காணி பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது போலவே வீரய்யா பேர் கூப்பிட்டு, நாலு பேரைப் பின்னால், மூன்று பேரை இந்தப் பக்கம், மூன்று பேரை அந்தப் பக்கம் என்று நிறுத்தினான். மீதி இருவர் சக்கரத்துக்குக் கல் வைக்க. லத்தீப் நானா உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கார் ஸ்டோர் வாசலுக்கு ஒரு கல்யாண ஊர்வலம் போல வந்து சேர்ந்தது. பெண்கள் அன்றும் சிரித்தார்கள். ஆனால் அன்று லத்தீப் நானாவும் கூடச் சிரித்தார். சொந்தக் காரில் வந்தவரல்லவா?

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. ஒவ்வொரு சம்பள நாளும் அதே வளைவு, அதே ஹோன், வீரய்யாவின் பெரட்டு. தள்ளியவர்களுக்குப் பிளேன்டீ. பிறகு டீயோடு பனிஸ். தீபாவளிக்கு ஆளுக்கொரு சட்டைத் துணி. டவுன் கரண்ட் வேறு ரகம், இந்தக் காருக்கு ஒத்துவராது. ஸ்டோர் டைனமோதான் கதி. அதையும் புதிய நிர்வாகத்தில் தர்மராசா தன் தலையில் பழி போட்டுக்கொண்டுதான் தர வேண்டியிருந்தது. "நானா, மெசின் ஓடேக்கை தரேலாது. ஞாயிற்றுக்கிழமை ஏத்துங்கோ," என்றார். ஆகவே லத்தீப் நானா சனிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் விறாந்தையில் காத்துக் கிடந்து, திங்கட்கிழமை உருண்டு இறங்குவார்.

"அண்ணன்ட வேன்ல போனா அன்னைக்கே பொழுது சாய வீட்டுக்கு வருவீங்க," என்றாள் ஸகீனா. "இப்ப மூணு நாள். அதோட பன்னெண்டு பேருக்குச் சாப்பாடு. பெட்ரோலே மலிவு போல இருக்கே."

"ஒரு சொட்டுப் பெட்ரோல் கேட்டிருக்கா இந்தக் கார்? சொல்லு பார்ப்போம்."

பெட்ரோல் கேட்கவில்லைதான்.

இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடத்தில்தான் லத்தீப் நானா ஒன்றைக் கவனித்தார். பின்னால் நான்கு பேர் தள்ளிய இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் இன்னும் இருவர். தோட்டத்தில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கங்களும் எப்போதோ எழுதி வைத்திருந்த ஒப்பந்தம், வீடு வீடாகக் கடிதமாக வந்துகொண்டிருந்தது. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஜனங்களே பேர் வைத்தார்கள், ஒப்பாரிக் கோச்சி என்று. அந்தச் சத்தத்தை ஒருமுறை ஸ்டேஷனில் கேட்டவர்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

வெட்கக்கேடான விஷயம் என்னவென்றால், லத்தீப் நானாவின் ஆயுசிலேயே நல்ல வியாபாரம் நடந்தது அந்த வருடங்களில்தான். பார்த்தே இராத ஊருக்குப் பழைய துணியோடு போய் இறங்க யாருக்கும் மனமில்லை. இருந்ததையெல்லாம் கொடுத்துப் புதுச் சேலை வாங்கினார்கள். மூட்டை பெரிதாகப் பெரிதாகக் கார் சீக்கிரம் நின்றது. தள்ள ஆள் குறைந்துகொண்டே போனது. பன்னிரண்டு ஒன்பதாகி, ஒன்பது ஆறானது. ஆறு பேருக்கும் வீரய்யா விடாமல் பேர் கூப்பிட்டான். இல்லாதவர்களின் பேரையும் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "அவன் போயிட்டான்ல," என்பான்.

எழுபத்தொன்பதில் வீரய்யாவுக்கே பாஸ்போர்ட் வந்தது. துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தின் பேர் அதில் எழுதியிருந்தது. அவன் அப்பா பிறந்த ஊராம். அந்தப் பேரை லத்தீப் நானாவிடம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.

"எப்படி இருக்கும் நானா அந்த ஊரு?"

"எனக்கெப்படித் தெரியும்? மட்டமான ஊருன்னு சொல்றாங்க."

"ஒங்க காரு அங்க நல்லா ஓடுமுங்க," என்றான் வீரய்யா.

அந்த மாதம் சம்பளக் காசு வரப் பிந்தியது. திங்கட்கிழமை மத்தியானம்தான் கொடுப்பார்கள் என்றார்கள். வீரய்யா குடும்பத்துக்கும் அதே திங்கட்கிழமை காலையில் ரயில். வழக்கம்போல சனிக்கிழமையே ஏறி, ஞாயிற்றுக்கிழமை கரண்ட் ஏற்றியிருந்த லத்தீப் நானா, அன்று காலை துணி மூட்டைகளை ஸ்டோர் விறாந்தையில் தர்மராசா பொறுப்பில் விட்டுவிட்டு, காரைக் கொண்டுபோய் லயத்து வாசலில் நிறுத்தினார்.

"ஏறுங்க. ஸ்டேஷன் வரைக்கும் நான் கொண்டுபோறேன்."

"சாமான் இருக்குங்க நானா."

"இறக்கந்தானே வீரய்யா. செலவில்ல."

வீரய்யாவின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், தகரப் பெட்டி, அம்மி. அம்மியை ஏன் எடுக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஹாலிஎல வரை ஐந்து மைலும் கார் மிக நன்றாக ஓடியது. அந்த நாலு வருடத்தில் அது செய்த சவாரிகளில் குறையே சொல்ல முடியாதது அதுதான். ஹாலிஎல ஸ்டேஷனில் கோச்சி வந்தது. ஏற்கெனவே அதற்குள்ளிருந்து அழுகை வந்துகொண்டிருந்தது. வீரய்யா பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டினான்.

"மேல போவீங்களா நானா? யாரு தள்ளுவாங்க?"

"முழுக் கரண்ட் இருக்கு. போயிடும்."

கோச்சி போன பிறகு லத்தீப் நானா கொஞ்ச நேரம் மேடையில் நின்றார். வருத்தமாக இருந்தது. வீரய்யாவை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே பிடிபடவில்லை. பிறகு சம்பள நேரம் நினைவுக்கு வந்தது. காரில் ஏறினார்.

ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. காலி வண்டி. இருந்தாலும் நாலு வருடத்துப் பேட்டரிகள். மேல் லயத்து வளைவில், அதே இடத்தில், கார் நின்றது.

லத்தீப் நானா ஹோன் அடித்தார். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. பாதிக் கதவுகளில் பூட்டு. மறுபடி அடித்தார். கடைசி வீட்டுக் காம்பராவிலிருந்து ஒரு கைப்பிள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஆம்பளைங்க யாரும் இல்லிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மேலே ஸ்டோரில் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர் இறங்கிப் பின்னால் போய், தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார் ஒரு அடி ஏறியது. இரண்டு அடி இறங்கியது. சக்கரத்துக்குத் தானே ஒரு கல்லை வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

கீழே வேன் சத்தம் கேட்டது. அலவிதான். யாரோ ஒரு வியாபாரியின் சட்டி பானைகளைச் சம்பள நாள் விற்பனைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். வளைவில் வேனை நிறுத்தி, தலையை வெளியே போட்டார். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு முகத்தில் தெரிந்தது.

"என்ன மச்சான், கரண்ட் முடிஞ்சி போச்சா?"

லத்தீப் நானா லயத்தைப் பார்த்தார்.

"இல்ல மச்சான். ஆள் முடிஞ்சி போச்சு."

அலவி பக்கத்து இருக்கையிலிருந்த பானையைத் தூக்கிப் பின்னால் வைத்தார். லத்தீப் நானா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வேன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.