மீட்டரில் எட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஃப்ரைடு ரைஸ் செய்கிறேன் பேர்வழி என்று வினிகர் பாட்டிலைத் திறந்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் சட்டென்று நிமிர்ந்துவிட்டேன். "என்னப்பா, நாத்தம் தாங்கலையா?" என்றாள். நாற்றமா! பதினோரு வருஷம் என் சட்டையில் அடித்த வாசம் அது. எக்ஸ்ரே பிலிம் கழுவும் இருட்டறையில் ஃபிக்ஸர் என்று ஒரு கரைசல் இருக்கும். அச்சு அசல் இதே புளிப்பு வாடைதான். கல்யாணமான புதிதில் என் மனைவி, "நெஜமாவே எக்ஸ்ரே வேலைதானா, இல்ல ஊறுகா கம்பெனியா?" என்று கேட்டிருக்கிறாள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்தது அந்த எக்ஸ்ரே சென்டர். எலும்பு டாக்டர் ஒருவருடையது. நான் டெக்னீஷியன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி வந்து இறங்கி, கதிர்வீச்சைப் பற்றி எல்லோருக்கும் பாடம் நடத்துவேன். வீட்டில் ஒரு ஃபியூஸ் போடத் தெரியாது, அது வேறு விஷயம்.

கதிர்வீச்சை அளக்க ஒரு மீட்டர் உண்டு. எங்களிடம் இருந்தது முள் ஆடும் பழைய மீட்டர். அது மணிக்கு இத்தனை மில்லிராண்ட்ஜன் என்று காட்டும். புதிதாக வந்தவை மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று காட்டும். பயப்படாதீர்கள், கணக்கு இவ்வளவுதான்: பழையதில் ஒன்று என்றால் புதியதில் ஏறக்குறைய பத்து. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதையே கேட்டுக் கேட்டுக் கழுத்தறுப்பேன். "யூனிட் சொல்லாம வெறும் நம்பர் சொன்னீன்னா காதத் திருகிடுவேன்" என்பேன். அந்த 'மணிக்கு' என்ற சொல்லையும் விடமாட்டேன். பஸ் மணிக்கு அறுபதில் ஓடுகிறது என்றால் அறுபது கிலோமீட்டர் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தமா? ரெண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டால் ரெண்டு கிலோமீட்டர்தானே. எங்கள் மெஷினும் அப்படித்தான். ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தாலும், கதிர் வெளியே வரும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிஷம் தேறுவது கஷ்டம்.

இவ்வளவு பேசிய நான் கண்ட்ரோல் ரூம் சுவரில் என் கையால் ஒரு அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். 'இரண்டுக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லவும்.' இரண்டு என்றால் மில்லிராண்ட்ஜன். ஆனால் அதை எழுதவில்லை. இருந்ததே ஒரு மீட்டர், அதற்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எங்களோடு தேன்மொழி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். சீட்டு எழுதுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, பிலிமைக் கவரில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரி. அவள் வீட்டுக்காரருக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அந்த ஏழு வருஷமும் அவள் சுற்றாத கோவில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு சென்டரில் எல்லோருக்கும் கேசரி. நான்தான் டாக்டரிடம் சொல்லி, கதிரைத் தடுக்கும் மறைப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட வைத்தேன்.

அந்தச் சமயத்தில் முள் மீட்டர் ரிப்பேருக்குப் போனது. பதிலுக்கு நம்பர் காட்டும் புது மீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். புதுப் பொருளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. தேன்மொழியும், "அண்ணா, நான் ஒக்கார்ற எடத்துல எவ்ளோ வருதுனு பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். அப்போது அவளுக்கு நாலாவது மாசம். ஆள் படுக்கும் இடத்தில் ஆளுக்குப் பதில் ஒரு தண்ணீர் கேனை வைத்து, மெஷினை ஓடவிட்டு, அவள் நாற்காலியருகே மீட்டரைப் பிடித்தேன். எட்டு என்று காட்டியது. சுவரைப் பார்த்தேன். இரண்டு.

"ஐயையோ, நாலு மடங்கும்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். "நான் இனிமே வரலண்ணா, டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். டாக்டரோ, "நீ பாத்தா கரெக்டாதாம்பா இருக்கும்" என்று மறைப்பில் இன்னும் ஈயத் தகடு அடிக்க ஆளுக்குச் சொன்னார். அடுத்த வாரமே வேறு பெண்ணை வேலைக்கு வைத்தார்.

தகடு வருவதற்கு முன்னால் முள் மீட்டர் வந்துவிட்டது. மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆசைக்கு அதே நாற்காலியருகே இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். புது மீட்டர் அதே எட்டு. பழைய மீட்டரின் முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. புள்ளி எட்டில் நின்றது. புதியதில் எட்டு என்றால் பழையதில் புள்ளி எட்டு. என் அட்டைப்படியே பாதிக்கும் கீழ். அதுவும் ஒரு மணி நேரம் விடாமல் மெஷின் ஓடினால்தான். எந்தக் கணக்கைச் சொல்லிப் பிள்ளைகளின் காதைத் திருகினேனோ, அதே கணக்கு. தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடி அண்ணாமலை என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சொல்லவில்லை. அவள் இடத்தில் வேறு பெண் வந்தாயிற்று, தேன்மொழிக்கும் வீட்டில் ஓய்வு நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். வேறொன்றுமில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறவன் நான். அவர்கள் கடை வழியிலேயே இருந்தது. முதல் பௌர்ணமியில் அவள் இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு நீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ஒடம்புல பட்டது தானா போயிடும்லண்ணா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி இளநீரைக் குடித்தேன். அவள் வழுக்கையையும் சுரண்டிக் கொடுத்தாள், சாப்பிட்டேன். இப்படி நாலு பௌர்ணமி.

பெண் குழந்தை பிறந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு சின்ன கவுனும் வாங்கிக்கொண்டு போனேன். குழந்தை கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தது. தேன்மொழி பாதியாக இளைத்திருந்தாள்.

"பொறந்த ஒடனே ஆம்பளயா பொண்ணானு கூட நான் கேக்கலண்ணா" என்றாள். "கொண்டாங்கனு வாங்கி வெரல எண்ணுனேன். கை, கால், எல்லாம். நர்ஸம்மா சிரிச்சாங்க. திருப்பியும் எண்ணுனேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மீட்டர், அட்டை, பத்து மடங்கு, எல்லாம். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பண்ணா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேத்துதாம்மா" என்றேன்.

"அதானே!" என்று அவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்க ஓடியாந்து சொல்லியிருக்க மாட்டீங்களா!"

இப்போது எக்ஸ்ரே எடுக்கப் பிலிமும் இல்லை, கழுவ இருட்டறையும் இல்லை. மீட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே யூனிட்டை மாற்றிக் காட்டிவிடுகிறது. சென்டர் இருந்த மாடி லாட்ஜ் ஆகிவிட்டது. பாதையை அகலப்படுத்தியபோது இளநீர்க் கடையும் போயிற்று. தேன்மொழி குடும்பம் ஓசூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை. நான் இன்னமும் பௌர்ணமிக்குப் போகிறேன். கடை இருந்த இடத்தில் நடைபாதைக் கல் பதித்திருக்கிறார்கள். அங்கே வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் "நடங்க சார், நடங்க" என்கிறார்கள். நடந்துவிடுகிறேன்.