அலுமாரிக்கு மேல் இருந்த கேரியர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டும் என் குசினியில்தான் வளர்ந்தன. அத்தனை பேரையும் ஆளாக்கியது, திருகோணமலையில் ஜெட்டிக்குப் போகிற வழியில் நான் நடத்துகிற இடியப்பக் கடை. ஒருவரிடமும் கை நீட்டாமல் இருந்தவள் நான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனிச் சொல்லப்போவது வெட்கமான கதை.

போன மாரி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இடியப்ப உரலை அமத்துகிற கை. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். கடையைப் பூட்டினேன்.

என் கடைசி மகளின் பிள்ளை என்னோடு இருந்து படிக்கிறாள். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்பதால், ஃபோனில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போட்டுத் தந்திருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பல், மீன் ஏலம் கூறுகிறவருக்கு மீன், கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிற ஓட்டோக்காரருக்கு ஓட்டோ.

"கடை பூட்டினாலும் ஆக்களோட கதைச்சுக்கொண்டிருங்கோ அம்மம்மா. இல்லாட்டி மறந்துபோவினம்" என்றாள்.

கதைத்தேன். எல்லாரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்கள். "எப்ப திறப்பீங்கள்?" பிளாஸ்டரை வெட்டி எடுத்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையே கையில் நிற்கவில்லை. நான் என்னத்தைச் சொல்ல?

அந்த நேரத்தில்தான் ஓட்டோக்காரரின் மனைவி ஒரு கேரியரில் சாப்பாடு அனுப்பினா. கீழ்த் தட்டில் சோறு, நடுவில் அவர்கள் ஆணம் என்கிற மீன் குழம்பு, மேலே இனிப்புக்கு வட்டிலப்பம். என் முகத்தை ஒரு நாளும் கண்டிராத மனுசி. சாப்பாடு வந்த பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமையாகத் திருப்புவதில்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். ஆனால் ஊருக்குச் சோறு போட்டவள் சீனி போட்டு அனுப்புவதா? கை சரி வந்ததும் இடியப்பம் பிழிந்து நிரப்பிக் கொடுப்போம் என்று கேரியரைக் கழுவி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

வைத்தது வைத்ததுதான். ஃபோனில் ஓட்டோ வந்தால், கேரியரைக் கேட்பாரோ என்று எடுக்கவில்லை. பிறகு கப்பலையும் எடுக்கவில்லை, மீனையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அடிப்பதும் நின்றது. காலையில் கடை வாசலுக்கு, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் மட்டும் வந்தன. மரக்கறித் தோல் இல்லையென்று கண்டதும் அவையும் மற்றத் தெருவுக்குப் போய்விட்டன. என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் ஓட்டோச் சத்தம் வாசலில் நின்றது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நான் இல்லையெண்டு சொல்லு" என்று பேத்தியை அனுப்பினேன்.

"அம்மம்மா இல்லை" என்றாள்.

"எங்க போயிட்டாங்க?"

"கந்தளாய்க்கு."

"கந்தளாய்க்குச் செருப்புப் போடாமலா போனாங்க?"

என் செருப்பு படியில் கிடந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "மகள், என்ட மாமிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. சோறு கொண்டுபோக எங்களிட்ட வேற கேரியர் இல்ல. அத மட்டும் எடுத்துத் தாங்களன்."

ஒரு நோயாளியின் சோற்றுப் பாத்திரத்தை மறித்து வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். வெளியே வந்தேன். கேரியரை இடது கையால் இறக்கினேன். சீனி டப்பாவைத் திறக்க எனக்கு ஏலவில்லை; பேத்தி திறந்தாள். மேல் தட்டில் ஒரு பிடி போட்டுக் கொடுத்தேன்.

"சீனியா? எங்கட வீட்டில எல்லாருக்கும் சுகர் அம்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். "மடங்குதில்லை தம்பி. இனி உரல் அமத்த ஏலுமோ தெரியாது. அதாலதான் ஃபோன் எடுக்கயில்லை."

"இதுக்கா? சந்தியில புதுக்கடையில நாங்க சாப்பிடுறது தெரிஞ்சு கோவிச்சிட்டீங்க எண்டெல்லோ நினைச்சம்! இனி எந்த முகத்தோட அங்க போறது எண்டு கிரேன்காரரும் சொன்னார். நான் உங்கட வாசலால வர வெட்கப்பட்டு மற்ற ரோட்டால சுத்திப் போறன்."

"அங்க இடியப்பத்துக்கு ஊத்துற சொதி எப்பிடி?" கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"சுடுதண்ணியில மஞ்சள் கரைச்ச மாதிரி."

அவர் போன பிறகு கப்பலை அமத்தினேன். பிறகு மீனை. கை இப்படித்தான், கடை எப்போது என்று தெரியாது, பசித்தால் எங்கேயும் சாப்பிடுங்கள், எனக்குக் கோபமில்லை என்றேன். கோபமில்லை என்பது சுலபமாக வந்தது. வெட்கத்தில் ஒளித்திருந்தேன் என்பது மட்டும் ஒருவரிடமும் வாயில் வரவில்லை. ஓட்டோக்காரர் அந்தப் பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் போனது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இடது கையால், எழுத்துக்கூட்டி, கோணல் எழுத்தில் இதை எழுதினேன்.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"இந்தா பிள்ளை, வாசிச்சுக் காட்டு. கந்தளாய்க் கதை வாற இடத்தையும் விடாம வாசி."