சைரன் இல்லாத வண்டி

பீர் மைதீன் ராஜபாளையத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்த வேலைக்கு வந்தபோது தலைமுடி கருகருவென்று இருந்தது. இப்போது காதோரம் வெளுத்துவிட்டது. தென்காசி ரோட்டிலும் மதுரை ரோட்டிலும் எங்கே பள்ளம், எந்தத் திருப்பத்தில் ஆடு குறுக்கே விழும் என்பதெல்லாம் அவர் காலுக்கே தெரியும். "பாய் வண்டியா, அப்பப் பயமில்ல" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லிலேயே பல வருசம் ஓடிவிட்டது.

அசதி எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே தெரியாது. முதலில் கறிச்சோறு தொண்டைக்குள் இறங்காமல் போயிற்று. பொறவு தூக்கம் போயிற்று. குக்கர் விசில் அடித்தால் கையிலிருக்கிற டம்ளர் நழுவும். மனைவி நூர்னிசா குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடிக்க ஆரம்பித்தாள். மகள் ஹஃப்ஸா காலேஜ் கதை எதையாவது சொல்ல வந்தால், "செத்த நேரம் சும்மா இருத்தா" என்பார். நாளாக நாளாக அவளும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் தேவதானத்துத் தோப்பில் தென்னை மரத்திலிருந்து ஒருவன் விழுந்தான். சோலைச்சாமி என்று பெயர். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. ராஜபாளையத்தில் முதலுதவி செய்து மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின்னால் அவனோடு உட்கார்ந்திருந்தது சண்முகத்தாய். பீர் மைதீன் வண்டியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள்தான்.

சோலைச்சாமிக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போதே கேட்டான்.

"அண்ணே, இன்னும் எம்புட்டுத் தூரம்ணே?"

"வந்துட்டோம்ல தம்பி."

கிருஷ்ணன்கோவிலில் கேட்டான். அழகாபுரியில் கேட்டான். ஒவ்வொரு தடவையும் இவர் "இந்தா வந்துட்டோம்" என்றார். கல்லுப்பட்டிக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. இவர் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்காமல் மதுரைவரைக்கும் அதே வேகத்தில் ஓட்டினார்.

உயிரில்லாத உடம்பை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வண்டியைக் கழுவி முடிக்கவில்லை, அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஈரத்தோடேயே ஏறிப் போனார்கள்.

அன்றிலிருந்து வண்டியில் யார் படுத்திருந்தாலும் அவர் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான். ஆளில்லாமல் காலியாகத் திரும்பும்போதும் விழும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சேத்தூரில் இருக்கும் மாமியார் தாயத்தோடு வந்து நிற்பார்.

ஒருநாள் மத்தியானம் மம்சாபுரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தது. சைரனைப் போட்டுக் கிளம்பினார். ஊரெல்லை தாண்டியதும் வண்டி மெதுவாகி, ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. நிறுத்தியது அவர்தான். ஆனால் கால் அதன்பிறகு அசையவில்லை. கை ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்றது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சண்முகத்தாய் முகத்தைப் பார்த்தாள், நேரத்தை வீணாக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியை அனுப்பச் சொல்லிப் போன் போட்டாள். பொறவு கையை நீட்டிச் சைரனை அணைத்தாள்.

அந்த நெஞ்சுவலிக்காரர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தகவல் வந்தபோது பீர் மைதீன் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னால ஆவல தாயி. நான் வேலைக்கு லாயக்கில்லாமப் போயிட்டேன்."

"லாயக்கெல்லாம் இருக்குண்ணே. ஒடம்பு கேக்கல, மனசு கேக்கல, அம்புட்டுத்தான்" என்றாள் சண்முகத்தாய். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காவ. நான் ஆறு மாசமாப் போறேன்."

பீர் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். நாளெல்லாம் ஏதாவது வேடிக்கை பேசி வண்டியைக் கலகலப்பாக வைத்திருக்கிறவள் அவள்.

"நீயா?"

"ஏன், எனக்கு மட்டும் காது இல்லையாண்ணே? அந்தத் தேவதானத்து ஆளு கேட்டதெல்லாம் எனக்கும் கேக்கத்தான செஞ்சது."

அன்று சாயங்காலம் நூர்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "பைத்தியம்னு பேசுவாவளேங்க" என்றாள் முதலில். கொஞ்சம் பொறுத்து, "பேசிட்டுப் போறாவ. பேசுறவுகளா வந்து ஒங்களத் தூங்க வைக்கப் போறாவ?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு. தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார். பீர் மைதீன் சோலைச்சாமியைப் பற்றிச் சொன்னார். "அவன்ட்ட நான் பொய் சொன்னேன் டாக்டர்" என்றார்.

"அதுக்கப்புறம் எத்தனை நாள் லீவு எடுத்தீங்க?"

"லீவா? அடுத்த கால் வந்துருச்சே."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தத்தில்தான், தனக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது பீர் மைதீனுக்கு முதல்முதலாக உறைத்தது.

மாத்திரையும் ஓய்வும் சேர்ந்து உடனே ஒன்றும் அதிசயம் செய்துவிடவில்லை. மாத்திரை போட்டால் பகலெல்லாம் தலை கனத்தது. வேலையை மாற்றிக் கேட்டு அலைந்ததில் இன்னும் களைத்தார். கடைசியில், பிரசவம் முடிந்த பெண்களையும் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விடுகிற வண்டி கிடைத்தது. அதில் சைரன் கிடையாது, வேகமும் கிடையாது. "பாய் பயந்துட்டாரு" என்று பழைய ஆட்கள் சிலர் சொன்னது காதுக்கு வந்தது. உண்மைதானே என்று விட்டுவிட்டார். ஆனால் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்ததோடு எழுந்துவிட்டார்.

இப்போது தூக்கம் வருகிறது. தினமும் என்று சொல்ல முடியாது. ஹஃப்ஸா ஏதாவது சொன்னால் பாதிவரைக்கும் கேட்கிறார். மீதிக்குக் கண் செருகிவிடுகிறது. அவள் கோபித்துக்கொள்வதில்லை.

டாக்டரைப் பார்க்கிற நாளில் அவரும் சண்முகத்தாயும் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள். போன தடவை அவள் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்ததைப் பார்த்தார்.

"நீயும் மாத்திக் கேளேன் தாயி."

"கேக்கணும்ணே. வீட்லயும் அதத்தான் சொல்லுதாவ" என்றாள். அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

பீர் மைதீன் அவள் போகிறதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.